உழவரின் ஓராண்டைப் பாடிய பாதிரியார்

(தொழிலாளர் படிப்பகம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கிராமத்துப் பாதிரியாரைப் பற்றி. "பாதிரியாரைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அவர் நம் நாட்டுக்காரர் அல்ல. நம் காலத்தவரும் அல்ல. 1714-ல் பிறந்து 1780-ல் இறந்தவர். சங்கம் வைத்தவர் இல்லை, கொடி பிடித்தவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மேடையேறி, கர்த்தருக்குப் பயந்து நடவுங்கள், எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று பிரசங்கம் செய்தவர்.

ஆனால் அதே மனிதர்தான், பண்ணையடிமைகளாக இருந்த உழவர்களின் ஒரு வருஷ வாழ்க்கையை, அவர்கள் பேசிய பாஷையிலேயே, ஏறக்குறைய மூவாயிரம் வரிகளில் பாடி வைத்தார். சாணம் சுமப்பது, கதிர் அறுப்பது, மரம் வெட்டுவது, அடி வாங்குவது, கலியாண வீட்டில் ஆடுவது எல்லாம் அதில் இருக்கிறது. அவர் பெயர் கிரிஸ்டியோனாஸ் டொனெலைடிஸ். நூலின் பெயர் 'மெதாய்'. லிதுவேனிய பாஷையில் அதற்கு 'ஆண்டு' என்று அர்த்தம். லிதுவேனிய மொழியின் முதல் பெருங்காவியம் இதுதான்.

அடங்கிப் போ என்று போதித்தவர், அடக்குகிறவனின் அக்கிரமத்தை இவ்வளவு விவரமாக எழுதி வைத்தது எப்படி? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அந்த நாடும் ஜனங்களும்

பால்டிக் கடலோரத்தில் அன்று கிழக்கு ப்ருஷ்யா என்று ஒரு பிரதேசம் இருந்தது. ஜெர்மன் பேசும் ப்ருஷ்ய ராஜாவின் ஆட்சி. அதன் வடகிழக்குப் பகுதியில் லிதுவேனிய பாஷை பேசும் விவசாயிகள் வாழ்ந்தார்கள். அந்தப் பகுதியைச் 'சின்ன லிதுவேனியா' என்பார்கள்.

டொனெலைடிஸ் பிறப்பதற்குச் சில வருஷம் முன்பு, 1709 முதல் 1711 வரை, அங்கே கொள்ளைநோய் வந்தது. கிழக்கு ப்ருஷ்யாவில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் மாண்டு போனார்கள். லிதுவேனிய கிராமங்கள் பல ஆளற்றுப் போயின. உழ ஆள் இல்லாவிட்டால் ராஜாவின் கஜானாவுக்கு வரி ஏது? அதனால் ஜெர்மனியின் பல பகுதிகளிலிருந்தும், 1732-ல் சால்ஸ்பர்க்கிலிருந்தும் குடியேற்றக்காரர்களை வரவழைத்தார்கள். வந்தவர்களுக்குச் சலுகைகள் கிடைத்தன. காலங்காலமாக அந்த மண்ணை உழுத லிதுவேனிய விவசாயியோ அடிமை விவசாயியாகவே இருந்தான்.

அடிமை விவசாயி என்றால் என்ன? நிலம் ராஜாவுக்குச் சொந்தம். ராஜாவின் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து நிர்வாகம் செய்யும் அதிகாரிக்கு 'அம்ட்மன்' என்று பெயர். விவசாயி தன் மாட்டையும் ஏரையும் ஓட்டிக்கொண்டு போய் முதலில் பண்ணை நிலத்தை உழ வேண்டும். பண்ணைக் கதிரை அறுக்க வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. சுத்த வெட்டி வேலை. தன் வயல் காய்ந்தாலும் மழையில் அழுகினாலும் பண்ணை வேலை முடிந்த பிறகுதான் அதைத் தொடலாம். எஜமான் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போக முடியாது. எதிர்த்தால் தடியடி. இப்படி ஒரு ஏற்பாடு.

பாதிரியாரின் பிறப்பும் படிப்பும்

கும்பின்னன் நகருக்கு அருகே ஒரு சிறு கிராமத்தில் 1714 ஜனவரி 1-ம் தேதி டொனெலைடிஸ் பிறந்தார். தகப்பனார் அடிமை விவசாயி அல்ல. சொந்த நிலத்தில் உழுத சுதந்திரக் குடியானவர். ஆனால் பையனுக்கு ஆறு வயதாகும்போதே அவர் இறந்துவிட்டார். தாயார் தலையில் ஏழு குழந்தைகள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளில் ஒருவர் உழவரானார், ஒருவர் கொல்லரானார், ஒருவர் பொன் வேலை செய்யும் தட்டாரானார். கிரிஸ்டியோனாஸ் படிக்கப் போனார்.

கெனிக்ஸ்பர்க் நகரத்தில் ஏழை மாணவர்களுக்கான விடுதியில் தங்கிப் பள்ளிப்படிப்பை முடித்தார். 1736 முதல் 1740 வரை அந்நகரப் பல்கலைக்கழகத்தில் வேத சாஸ்திரம் படித்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் 1718 முதல் லிதுவேனிய பாஷை வகுப்பு ஒன்று நடந்து வந்தது. கிராமத்து ஜனங்களுக்கு ஜெர்மன் தெரியாது. அவர்கள் பாஷை தெரிந்த பாதிரியார்களைத் தயார் செய்ய வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வகுப்பு அது. டொனெலைடிஸ் அதில் கலந்துகொண்டார்.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஜெர்மன் புராட்டஸ்டண்டு சபையில் 'பயட்டிஸம்' என்ற ஒரு பக்தி இயக்கம் இருந்தது. சாமானிய ஜனங்களுக்கு அவர்கள் தாய்மொழியிலேயே வேதத்தைச் சொல்ல வேண்டும் என்பது அதன் கொள்கைகளில் ஒன்று. 1706-ல் நம் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கி, தமிழ் கற்று, தமிழில் புத்தகம் அச்சடித்த சீகன்பால்கு அந்த இயக்கத்தைச் சேர்ந்தவர்தான். அதே இயக்கத்தின் காற்று கெனிக்ஸ்பர்க்கிலும் பலமாக வீசியது. ஜனங்களைச் சபைக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய நோக்கம். ஆனால் ஜனங்களின் பாஷையை ஒருவன் மெய்யாகவே கற்றுக்கொண்டால், அவர்களுடைய வயிற்றெரிச்சலும் அவன் காதில் விழாமல் போகுமா?

முப்பத்தேழு வருஷம் ஒரே ஊரில்

1743-ல் டோல்மின்கீமிஸ் என்ற கிராமத்துக்கு டொனெலைடிஸ் பாதிரியாராக வந்தார். 1780 பிப்ரவரி 18-ல் இறக்கும் வரை அந்த ஊரை விட்டுப் போகவில்லை. முப்பத்தேழு வருஷம்! ஒரே கோயிலில் ஜெர்மன்காரர்களுக்கு ஜெர்மனிலும் லிதுவேனியர்களுக்கு லிதுவேனிய பாஷையிலும் பிரசங்கம் செய்தார்.

கைவேலை தெரிந்த மனிதர். காற்றழுத்தமானி, வெப்பமானி முதலிய கருவிகளைத் தம் கையாலேயே செய்தார். பியானோவும் செய்தார். கண்ணாடி தேய்த்தார், தோட்டம் போட்டார். பாதிரியார்களின் விதவைகள் தங்குவதற்குத் தம் செலவில் ஒரு வீடு கட்டினார். கையால் வேலை செய்வதில் அவருக்கு வெட்கம் இல்லை. அவர் பாட்டைப் படிக்கிறபோது இது நினைவில் இருக்க வேண்டும்.

1757-ல் ஏழாண்டு யுத்தத்தில் ருஷ்யப் படை அந்தப் பக்கம் புகுந்தது. ஊர் ஜனங்களோடு சேர்ந்து அவரும் பக்கத்துக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்.

கடைசி வருஷங்களில் வேறொரு சண்டை வந்தது. பொதுவாக அனுபவித்து வந்த நிலங்களைப் பிரித்துத் தனித்தனியாக அளக்கும் வேலையைச் சர்க்கார் ஆரம்பித்தது. பொது நிலத்தைப் பிரிக்கிறபோது யார் கை ஓங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வட்டாரத்து அம்ட்மனோடு டொனெலைடிஸுக்கு நெடுநாள் வழக்கு நடந்தது. வழக்கின் விவரங்களைத் தமக்குப் பின்னால் வரப்போகிற பாதிரியாருக்கு என்று எழுதியும் வைத்தார். எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று போதித்த மனிதர், வரப்புத் தகராறு என்று வந்தவுடன் எஜமானுக்கு எதிராக மனுப் போட்டார்! அம்ட்மன் எப்படிப்பட்ட பேர்வழி என்பதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்ல.

வேலையே பாட்டு

இனி அந்தப் பாட்டுக்கு வருவோம். அதில் நான்கு பாகங்கள்: வசந்தத்தின் மகிழ்ச்சிகள், கோடையின் வேலைகள், இலையுதிர் காலத்தின் செல்வங்கள், குளிர்காலத்தின் கவலைகள். பெரும்பாலும் 1765-க்கும் 1775-க்கும் இடையில் எழுதப்பட்டது.

வசந்தத்தில் சூரியன் ஏறுகிறான், பனி உருகுகிறது, பறவைகள் திரும்பி வருகின்றன. அழகான வர்ணனைதான். ஆனால் வர்ணனையோடு நின்றுவிடவில்லை. உடனே ஏர் வருகிறது, விதை வருகிறது. கோடையில் சாணம் வண்டி வண்டியாக வயலுக்குப் போகிறது, புல் அறுப்பு, கோதுமைப் பயிர் போன்ற 'ரை' என்னும் தானியத்தின் அறுவடை. இலையுதிர் காலத்தில் சேற்றில் வண்டிச் சக்கரம் புதைகிறது, போரடி நடக்கிறது, கலியாண விருந்து நடக்கிறது. குளிர்காலத்தில் காட்டில் மரம் வெட்டு, ஓநாய் பயம், விறகுக் கவலை. வருஷம் முழுவதும் வேலைக்கு முடிவே கிடையாது.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் தாம்சன் என்ற கவிஞரும் பருவங்களைப் பற்றிப் பெரிய காவியம் எழுதினார். 1730-ல் அது முழுமையாக வெளிவந்தது. அதில் மலையும் மேகமும் பக்கத்தில் தெரியும். உழைப்பாளி தூரத்தில் தெரிவான். டொனெலைடிஸ் பாட்டில் உழைப்பாளிதான் நடுவில் நிற்கிறான். அவனுக்குப் பெயர் இருக்கிறது, குணம் இருக்கிறது. வேலைக்கு ஆள் திரட்டும் ஊர்த் தலையாரிக் கிழவன் பிரிச்குஸ். ஒழுங்காகக் குடும்பம் நடத்தும் செல்மாஸ். சோம்பேறி சுலுங்கியுஸ். குடித்துவிட்டு வருகிற வழியில் புது அரிவாளையும் சாணைக்கல்லையும் தொலைத்துவிட்டு வீட்டில் வந்து பெண்டாட்டியை அடிக்கிற பிளவ்ச்யூனாஸ். இவர்களை எங்கேயும் தேட வேண்டாம். எந்த ஊரிலும் இருக்கிறார்கள்.

எந்த யாப்பில் பாடினார் தெரியுமா? கிரேக்கத்தில் ஹோமரும் லத்தீனில் வர்ஜிலும் வீரர்களையும் தேவர்களையும் பாடிய அறுசீர் அடிகளில்! அதுவரை லிதுவேனிய பாஷையில் அச்சானவை பெரும்பாலும் ஞானோபதேசம், ஜெபம், கீர்த்தனை, இவைதான். படித்தவர்கள் அதைக் குடியானவன் பேச்சு என்றே நினைத்தார்கள். ராஜகுமாரர்களுக்குப் போட்ட சிம்மாசனத்தில் சாணம் அள்ளுகிறவனை உட்கார வைத்தார் டொனெலைடிஸ். அவர்களுடைய வசவும் கேலியும் சாப்பாட்டுப் பேச்சும் அப்படியே அந்த யாப்பில் ஏறின.

எஜமானும் அடிமையும்

இந்தப் பாட்டில் எஜமான்கள் எப்படி வருகிறார்கள்?

ஒரு இடத்தில் பிறப்பைப் பற்றிச் சொல்கிறார். எஜமான் வீட்டுக் குழந்தையும் அம்மணமாகத்தான் பிறக்கிறது, உழவன் வீட்டுக் குழந்தையும் அம்மணமாகத்தான் பிறக்கிறது. இரண்டும் அழுகின்றன, இரண்டும் துணியை நனைக்கின்றன. பிறகு எங்கிருந்து வந்தது உயர்வு தாழ்வு? பிரெஞ்சுப் புரட்சி நடந்தது 1789-ல். அதற்கு முன்பே ப்ருஷ்யாவின் ஒரு மூலையில் உட்கார்ந்து இந்தப் பாதிரியார் இப்படி எழுதினார்.

இன்னொரு இடத்தில் ஒரு கொழுத்த பிரபு வருகிறான். அளவுக்கு மீறித் தின்றுவிட்டு வாந்தி எடுக்கிறான். கடவுளை நினைக்க வேண்டிய அந்த வேளையிலும் வாயில் வருவது வசவுதான். அவனைச் சுற்றி நிற்கும் வேலைக்காரர்கள் அருவருத்துப் போகிறார்கள்.

நல்ல எஜமான் ஒருவனும் வருகிறான். அவன் செத்தபோது உழவர்கள் அழுகிறார்கள். ஏன் அழுதார்கள்? அவன் அவர்களை வைய மாட்டான். 'நீ' என்று ஒருமையில் கூப்பிட மாட்டான். நம் தமிழில் 'நீ', 'நீங்கள்' என்று இருப்பது போல லிதுவேனிய பாஷையிலும் உண்டு. 'நீங்கள்' என்று அழைத்தான் என்பதற்காக ஒரு எஜமானை ஊரே நினைத்து அழுகிறது என்றால், மற்ற எஜமான்கள் எப்படி அழைத்தார்கள்? யோசித்துப் பாருங்கள், தோழர்களே! சேரியிலே வயது முதிர்ந்தவரைப் பண்ணை வீட்டுச் சிறுபிள்ளை 'டேய்' என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

டோச்சிஸ் என்று ஒருவன். நல்லவன் அல்ல, அடங்காத பேர்வழி என்றுதான் பாட்டு அவனைக் காட்டுகிறது. காக்காய் சுட்டதில் தீப்பற்றிக்கொண்டது என்று அவனை விசாரணைக்குப் பிடித்துப் போகிறார்கள். குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு அவன் பிரபுக்களையே திருப்பிக் கேட்கிறான்: எங்களைத் தோலுரித்துவிட்டீர்களே, இனி நாங்கள் எலியையும் ஆந்தையையும் தின்றுதான் பிழைக்க வேண்டும் போலிருக்கிறதே என்கிற அர்த்தத்தில் பேசுகிறான். கெட்டவன் வாயில் வைத்துத்தான் பாதிரியார் இதைச் சொல்கிறார். ஆனால் அந்தப் பேச்சுக்கு அவர் பாட்டில் பதில் எழுதவில்லை. பதில் இருந்தால்தானே எழுதுவதற்கு!

எல்லாவற்றிலும் கொடுமையானது தலையாரி பிரிச்குஸின் கதை. காலமெல்லாம் பண்ணைக்கு உழைத்தவன். வேலைக்குப் போங்கள், எஜமானுக்குக் கோபம் வராமல் நடந்துகொள்ளுங்கள் என்று ஊராருக்குப் புத்தி சொன்னவன். கடைசியில் பண்ணைத் தானியம் விற்ற கணக்கில் ஒரு ஷில்லிங் குறைந்தது என்று அந்தக் கிழவனையே அடிக்கிறார்கள். அந்த அடியில் அவன் சாகிறான். ஒரு ஷில்லிங்! விசுவாசமாக உழைத்தால் எஜமான் காப்பாற்றுவான் என்று நம்பியவனுக்குக் கிடைத்த சன்மானம் இது.

அவர் நின்ற இடம்

இவ்வளவும் எழுதியவர் என்ன முடிவுக்கு வந்தார்? பொறுத்துக்கொள்ளுங்கள், உழையுங்கள், குடிக்காதீர்கள், கடவுளை நம்புங்கள் என்றுதான் சொன்னார். வறுமைக்குச் சோம்பலும் குடியும் காரணம் என்று பல இடங்களில் உழவர்களையே கண்டிக்கிறார். வெட்டி வேலையை ஒழிக்க வேண்டும் என்று ஒரு இடத்திலும் அவர் எழுதவில்லை. நிலம் யாருக்கு என்று கேட்கவில்லை. எஜமான் நல்லவனாக இருந்தால் போதும் என்பதோடு நின்றுகொண்டார்.

இதை மூடி மறைக்கக் கூடாது. அவரைப் புரட்சிக்காரராக வேஷம் கட்டி நிறுத்தினால் அது பொய். அதே சமயம், பாதிரியார்தானே என்று தூக்கி எறிந்தால் அதுவும் தப்பு. ஏன்? அவர் சொன்ன மருந்து தவறாக இருக்கலாம். ஆனால் நோயை மறைக்காமல் எழுதினார். சோம்பேறி சுலுங்கியுஸ் கஷ்டப்பட்டான் என்று மட்டும் எழுதியிருந்தால் அவருடைய பிரசங்கத்துக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. உண்மையாக உழைத்த பிரிச்குஸ் அடிபட்டுச் செத்ததையும் எழுதினார். பொறுமைக்குப் பலன் உண்டு என்ற அவருடைய பிரசங்கத்துக்கு அவருடைய பாட்டே மறுப்பாக நிற்கிறது. கண்டதைக் கண்டபடி எழுதுகிறவனின் எழுத்து, சில சமயம் அவனுடைய கொள்கையையும் தாண்டிப் போய்விடும்.

ஏடு பிழைத்த கதை

அவர் உயிரோடு இருந்தவரை இந்தப் பாட்டில் ஒரு வரி கூட அச்சேறவில்லை. அவருக்குப் பிள்ளைகளும் இல்லை. கைப்பிரதிகளை மனைவி அன்னா ரெகினா வேறொரு பாதிரியாரிடம் ஒப்படைத்தார். 1807-ல் நெப்போலியன் யுத்தத்தில் இரண்டு பாகங்களின் மூலக் கைப்பிரதி காணாமல் போயிற்று. நல்லவேளையாக யாரோ ஒரு பாதிரியார் படி எடுத்து வைத்திருந்தார்.

அதை அச்சுக்குக் கொண்டுவந்தவர் மார்ட்டினாஸ் ரேசா. கடலோர மணல்மேட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, சிறுவயதிலேயே அநாதையாகி, பின்னால் கெனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 1818-ல் ஜெர்மன் மொழிபெயர்ப்போடு 'மெதாய்' வெளிவந்தது. கவிஞர் செத்து முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு! அந்தப் பதிப்பில் ரேசா சில நூறு வரிகளை விட்டுவிட்டார், சிலவற்றைத் திருத்தினார். பின்னால் வந்த அறிஞர்கள் அவற்றை மீண்டும் சேர்த்தார்கள்.

இதற்கிடையே 1807-ல் ப்ருஷ்யாவில் அடிமை விவசாய முறையை ரத்து செய்து சட்டம் வந்தது. தனியார் பண்ணைகளில் என்ன ஆயிற்று? 1811-ல் மற்றொரு சட்டம் வந்தது. விவசாயி தன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ எஜமானுக்கு விட்டுக்கொடுத்தால்தான் மிச்சம் அவனுக்குச் சொந்தம்! விலங்கைக் கழற்றுவதற்கும் கூலி கேட்டார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம், ருஷ்ய ஜாரின் ஆட்சியில் இருந்த பெரிய லிதுவேனியாவில் அடிமை முறை 1861-ல்தான் ஒழிந்தது. 1864-ல் அங்கே இன்னொரு அக்கிரமம் நடந்தது. லிதுவேனிய பாஷையை அதற்குரிய லத்தீன் எழுத்தில் அச்சடிக்கக் கூடாது என்று ஜார் சர்க்கார் தடை போட்டது. 1904 வரை, நாற்பது வருஷம் அந்தத் தடை இருந்தது. ஜனங்கள் சும்மா இருந்தார்களா? ப்ருஷ்யப் பக்கத்தில் அச்சடித்த புத்தகங்களைக் குடியானவர்கள் முதுகில் கட்டிக்கொண்டு, இரவில் எல்லை தாண்டிக் கொண்டுவந்தார்கள். பிடிபட்டவர்கள் சிறைக்கும் சைபீரியாவுக்கும் போனார்கள். குடியானவன் பேச்சு என்று ஏளனம் செய்யப்பட்ட ஒரு பாஷைக்காகக் குடியானவர்களே இந்தப் பாடுபட்டார்கள். அந்தப் பாஷையில் பெருங்காவியம் உண்டு என்று காட்டியவர் டொனெலைடிஸ்.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு கெனிக்ஸ்பர்க் பிரதேசம் சோவியத் யூனியனோடு சேர்ந்தது. 1964-ல் அவருடைய 250-வது பிறந்த ஆண்டைச் சோவியத் லிதுவேனியாவில் பெரிய அளவில் கொண்டாடினார்கள். பாழடைந்து கிடந்த டோல்மின்கீமிஸ் கோயிலைப் புதுப்பித்து, 1979-ல் அவர் பெயரில் பொருட்காட்சிசாலை ஆக்கினார்கள். சோவியத் யூனியன் 1991-ல் கலைந்தது. இன்று அந்த ஊர் ருஷ்யாவின் கலினின்கிராட் மாகாணத்தில் இருக்கிறது. லிதுவேனியா தனி நாடு. 2014-ம் வருஷத்தையே லிதுவேனியப் பாராளுமன்றம் டொனெலைடிஸ் ஆண்டாக அறிவித்தது. கொடிகள் மாறின, எல்லைகள் மாறின. பாட்டு இருக்கிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தோழர்களே! அந்த வட்டாரத்தில் எத்தனையோ அம்ட்மன்கள் அதிகாரம் செய்தார்கள். அவர்கள் போட்ட கணக்கெல்லாம் மண்ணாய்ப் போயிற்று. ஒரு ஷில்லிங்குக்காகச் செத்த பிரிச்குஸின் கணக்கு மட்டும் இருநூற்றைம்பது வருஷமாகத் தீராமல் நிற்கிறது. எழுதி வைத்ததால் நிற்கிறது.

நம்முடைய வேலை பாட்டுக்கு லாயக்கில்லாதது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் பேச்சு ஏட்டில் ஏறாது என்று சொன்னாலும் நம்பாதீர்கள். நம் வாழ்க்கையை உண்மையாக எழுதியவர் யாராக இருந்தாலும், அங்கி போட்டவராகவே இருந்தாலும், அவர் எழுத்தைப் படியுங்கள். எது உண்மையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே அவர் நின்றுவிட்டார் என்பதையும் பாருங்கள். பொறுத்துக்கொள் என்று பிரிச்குஸ் சொன்னான், பொறுத்தான், செத்தான். அந்தக் கதையைப் படித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பாதிரியார் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் உழுகிறவர்களும் நெய்கிறவர்களும்தான்.